மூன்று பிறந்தநாள்களும் ஒரு சுரங்கமும்

ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு நெருங்கும்போது நம் இதழ்களில் ஒரு பெட்டிச் செய்தி வரும். அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண்மணியின் முயற்சியால் 1910 ஜூன் 19 அன்று முதல் தந்தையர் தினம் கொண்டாடப்பட்டது என்று ஒன்றில் இருக்கும். இன்னொன்றில் ஊர் மேற்கு வர்ஜீனியாவின் ஃபேர்மான்ட் என்றும், நாள் 1908 ஜூலை 5 என்றும் இருக்கும். எப்போதாவது சிகாகோக்காரர் ஒருவரின் பெயரும் தலைகாட்டும். பெட்டிச் செய்திக்கு இந்த முரண்கள் பொருட்டில்லை. எனக்கோ, ஒரு நன்றியை முதலில் சொன்னது யார், எந்தத் துயரத்தில் நின்று சொன்னார் என்பது அப்படியே விட்டுவிடக்கூடிய கேள்வியாகப் படவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்நாட்டின் பழைய நாளிதழ்களைப் பக்கம் பக்கமாக மின்வடிவில் இலவசமாகத் திறந்து வைத்திருப்பதால், சென்னையில் உட்கார்ந்தபடியே தேடலைத் தொடங்க முடிந்தது.

ஸ்போக்கேன் எளிதாகக் கைக்கு வந்தது. சொனோரா 1882இல் ஆர்கன்சாவில் பிறந்தவர். தந்தை வில்லியம் ஜாக்சன் ஸ்மார்ட் உள்நாட்டுப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர், பிறகு விவசாயி. குடும்பம் வடமேற்கே வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து ஸ்போக்கேனுக்கு மேற்கே ஒரு பண்ணையில் வாழ்ந்தது. 1898இல் தாய் எல்லன் பிரசவத்தில் இறந்துபோனார். சொனோராவுக்கு அப்போது பதினாறு வயது. கைக்குழந்தை உட்பட ஐந்து தம்பிகள். அவர்களை ஆளாக்கும் பாரத்தைத் தந்தை சுமந்தார், மகளும் கூடச் சுமந்தார். 1909இல் தேவாலயத்தில் அன்னையர் தினப் பிரசங்கத்தைக் கேட்டபோது, தாய்க்கு ஒரு நாள் உண்டென்றால் தன் அப்பாவைப் போன்றவருக்கு ஏன் இல்லை என்று அவர் நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் நகரத்துப் போதகர்களின் சங்கத்திடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தார். ஒய்.எம்.சி.ஏ.வும் துணைக்கு வந்தது.

அந்த விண்ணப்பத்தை ஒட்டிய ஒரு சிறு விவரம் இந்தத் தேடலுக்கே திசை காட்டியது. சொனோரா கேட்ட நாள் ஜூன் 5. அவருடைய அப்பாவின் பிறந்தநாள் அது. பழைய நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். 1910இல் ஜூன் 5 ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்திருந்தது. அப்பாவின் பிறந்தநாளும் ஆராதனை நாளும் ஒன்றாக வந்த ஆண்டு அது. ஆனால் தந்தையரைப் பற்றிப் பேசிப் பழகியிராத போதகர்கள், பிரசங்கம் தயாரிக்க இன்னும் சில நாள் வேண்டும் என்றார்கள். நாள் இரண்டு வாரம் தள்ளிப்போய் ஜூன் 19 ஆனது. இன்று உலகின் பல நாடுகள் மூன்றாம் ஞாயிற்றைக் கொண்டாடுவதற்கு வேர், ஒரு மகள் தன் அப்பாவின் பிறந்தநாளைக் கேட்டதும் அது கிடைக்காமல் போனதும்தான்.

அன்று ஸ்போக்கேன் தேவாலயங்களில் தந்தையைப் பற்றிய பிரசங்கங்கள் நடந்தன. தந்தை உயிரோடு இருப்பவர்கள் சிவப்பு ரோஜாவும், இழந்தவர்கள் வெள்ளை ரோஜாவும் அணிந்தார்கள். மாநில ஆளுநர் அறிவிப்பு விடுத்தார். சொனோரா குதிரைவண்டியில் சிறு மகனையும் கூட்டிக்கொண்டு, வீட்டைவிட்டு வெளியே வர முடியாத தந்தையருக்குப் பரிசுகள் கொண்டுபோய்க் கொடுத்தார். வில்லியம் ஸ்மார்ட் அப்போது உயிரோடு இருந்தார், 1919இல்தான் காலமானார். தன் பொருட்டு ஓர் ஊரே ரோஜா அணிந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்த மனிதர். நன்றி என்பது காலம் கடந்தே சொல்லப்படுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஒரு தகவலே போதும், சொனோராவைக் கையெடுத்துக் கும்பிட.

விண்ணப்பம், நகரத் தலைவர்கள், ஆளுநர், நாளிதழ்கள் என்று ஸ்போக்கேனுக்குச் சாட்சிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆவணம் தேடுபவன் இத்தகைய இடத்தில் திருப்தியாகக் கோப்பை மூடிவிடத் துடிப்பான். ஆனால் மற்ற இரண்டு பெயர்களும் காத்திருந்தன.

சிகாகோக்காரரின் பெயர் ஹாரி மீக். லயன்ஸ் சங்கத்தைச் சேர்ந்தவர். தந்தையர் தினம் என்ற எண்ணம் 1915இல் தனக்குத் தோன்றியது என்று அவரே சொன்னார். லயன்ஸ் சங்கமும் இந்த நாளைத் தோற்றுவித்தவர் என்று அவரைக் கொண்டாடியது. 1915இல் லயன்ஸ் மேடைகளில் அவர் இதைப் பேசினார் என்று எழுதுபவர்கள் உண்டு. சர்வதேச லயன்ஸ் சங்கம் பிறந்ததே 1917இல். இதைக் கவனித்த பிறகு அந்தக் கதையைக் கொஞ்சம் தள்ளியே வைத்தேன். எப்படியும் ஸ்போக்கேன் அதற்கு ஐந்தாண்டு முந்தியது. ஆனாலும் மீக்கின் கூற்றில் ஒரு விவரம் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஜூன் மூன்றாம் ஞாயிற்றை அவர் தேர்ந்ததற்குச் சொல்லப்படும் காரணம், அது அவருடைய பிறந்தநாளை ஒட்டி வந்தது என்பது. மறுபடியும் ஒரு பிறந்தநாள்.

ஃபேர்மான்டில் மூன்றாவது பிறந்தநாள் இருந்தது. அங்கே கோரிக்கை வைத்தவர் கிரேஸ் கோல்டன் கிளேட்டன். அவருடைய தந்தை ஃப்ளெச்சர் கோல்டன் ஒரு மெதடிஸ்ட் போதகர், 1896இல் மறைந்தவர். தந்தையின் பிறந்தநாளுக்கு அருகில் வரும் ஞாயிறு என்பதால் 1908 ஜூலை 5ஐத் தேர்ந்தார். வில்லியம்ஸ் நினைவு மெதடிஸ்ட் தேவாலயத்தில் போதகர் ராபர்ட் தாமஸ் வெப் அன்று தந்தையருக்கான ஆராதனையை நடத்தினார். ஸ்போக்கேனுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்னதாக.

அப்படியானால் இந்த ஊர் ஏன் மறக்கப்பட்டது? விடை நாளிதழ்களின் அடுக்கிலேயே இருக்கிறது. 1908 ஜூலை 4 சனிக்கிழமை, அமெரிக்கச் சுதந்திர நாள். ஃபேர்மான்டில் 12,000 பேர் திரண்ட கொண்டாட்டம், வெப்பக் காற்று பலூன் வேடிக்கை. அதே நாளில் ஊரில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். அடுத்து வந்த நாள்களின் தலைப்புகளைப் பலூன் பிடித்துக்கொண்டது, ஊரின் மனதை அந்தச் சாவு பிடித்துக்கொண்டது. வெப் போதகரின் பிரசங்கத்தை எந்த இதழும் அச்சிடவில்லை, அதன் கையெழுத்துப் படியும் எஞ்சவில்லை. நகர மன்றம் தீர்மானம் எதுவும் போடவில்லை. கிரேஸ் அமைதியான சுபாவக்காரர், தான் செய்ததை யாரிடமும் பேசிக்கொள்ளாதவர். மறு ஆண்டு அந்த ஆராதனை நடக்கவில்லை, அதற்குப் பின்னும் நெடுங்காலம் நடக்கவில்லை. அன்று தேவாலயத்தில் இருந்தவர்களின் நினைவும் சபையாரின் அக்கறையும் சேர்ந்துதான் பல பத்தாண்டுகள் கழித்து அந்த ஞாயிற்றை மீட்டன. இன்று அந்த இடத்தில் ஒரு வரலாற்றுப் பலகை நிற்கிறது.

பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால் இழப்பின் அளவு புரியும். ஃபேர்மான்டிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது கிராஃப்டன். அங்கேதான் எட்டு வாரத்துக்கு முன், 1908 மே 10 அன்று, ஆனா ஜார்விஸின் முயற்சியால் அன்னையர் தின ஆராதனை நடந்தது. ஆனா பிலடெல்பியாவிலிருந்து 500 வெள்ளைக் கார்னேஷன் மலர்களை அனுப்பிவைத்தார். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார், யாரையும் விடவில்லை. ஆறே ஆண்டில், 1914இல், குடியரசுத் தலைவர் வில்சன் அன்னையர் தினத்தை அறிவித்தார். கிராஃப்டன் செய்தியைக் கேட்டுத்தான் கிரேஸுக்கு இந்த எண்ணம் வந்திருக்கும் என்று ஆய்வாளர் சிலர் சொல்வது பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அது பாதிக் காரணம். மறுபாதி மண்ணுக்குள் இருந்தது.

ஃபேர்மான்டிலிருந்து பத்து கிலோமீட்டர் தொலைவில், வெஸ்ட் ஃபோர்க் ஆற்றங்கரையில் இருக்கிறது மொனோங்கா. ஃபேர்மான்ட் நிலக்கரி நிறுவனத்தின் 6ஆம், 8ஆம் எண் சுரங்கங்கள் அங்கே பூமிக்கடியில் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. 1907 டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை, காலைப் பணிக்கு ஆட்கள் இறங்கிய சில மணி நேரத்தில், பத்தரை மணி வாக்கில் வெடித்தது. மீத்தேன் வாயுவும் நிலக்கரித் தூசியும் பற்றிக்கொண்டால் தீ சுரங்கத்தின் நடைவழிகளை எல்லாம் கணத்தில் ஓடிக் கடந்துவிடும். தப்பியவர்களைப் பின்னால் வரும் நச்சுக் காற்று கொல்லும். 8ஆம் எண் வாயிலில் இருந்த இயந்திரக் கட்டடங்களின் துண்டுகள் ஆற்றைத் தாண்டி எதிர்க்கரையில் போய் விழுந்தன. மீட்கப் போனவர்களாலும் உள்ளே அதிக நேரம் நிற்க முடியவில்லை. கட்டி முடிக்கப்படாத ஒரு வங்கிக் கட்டடத்தில் உடல்களைக் கிடத்தினார்கள். அமெரிக்கச் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை. அந்த ஒரே மாதத்தில் அந்நாட்டில் வேறு சுரங்கங்களும் வெடித்தன. இவற்றின் அதிர்ச்சியில்தான் 1910இல் கூட்டாட்சி அரசு சுரங்கங்களுக்கென ஒரு தனித் துறையை ஏற்படுத்தியது.

அதிகாரப்பூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 362 பேர். அவர்களில் 171 பேர் இத்தாலியிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் மொலிசே, கலாப்ரியா, அப்ரூட்சோ பகுதிக்காரர்கள். போலந்துக்காரர்கள், ஸ்லோவாக்கியர்கள், கறுப்பினத்தவர்களும் இருந்தார்கள். இறந்தவர்களில் சுமார் 250 பேர் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்றும், ஆயிரம் குழந்தைகள் அப்பா இல்லாதவர்கள் ஆனார்கள் என்றும் வழக்கமாகச் சொல்வார்கள்.

இந்த 362 என்ற எண்ணை நான் அப்படியே எழுதிக்கொண்டு நகர்ந்திருக்கலாம். நகர விடாமல் செய்தது டாவிட் மெக்கடீர் 2007இல் வெளியிட்ட நூல். சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தில் வாழ்நாள் முழுதும் உழைத்தவர் அவர். உள்ளே போனவர்களை நிறுவனம் கணக்கிட்டது அவரவர் எடுத்துச் செல்லும் எண் பொறித்த பித்தளை வில்லையை வைத்து. ஆனால் கரியை வெட்டி ஏற்றுபவர்களுக்குக் கூலி எடைக்குத்தான். எவ்வளவு ஏற்றினால் அவ்வளவு பணம். அதனால் மகனையோ தம்பியையோ ஊர்க்காரனையோ உதவிக்குக் கூட்டிப் போவது வழக்கம். அப்படிப் போனவர்களுக்கு வில்லை கிடையாது, பேரேட்டில் பெயரும் கிடையாது. இறந்தவர்கள் 500ஐத் தொட்டிருப்பார்கள் என்று மெக்கடீர் வாதிடுகிறார். வில்லைகளை எண்ணியது நிறுவனம், மனிதர்களை எண்ணவில்லை என்பதை மறுக்க எனக்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. அப்பாவோடு இறங்கி அப்பாவோடு போன பையன்கள் அந்த 362இல் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்ற கேள்வி, இந்தத் தேடல் முழுவதிலும் என்னை மிகவும் வருத்தியது.

நிவாரணக் குழு 1910இல் தன் கணக்கை நூலாகவே வெளியிட்டது. பிழைக்கப் போன ஆண்களின் குடும்பங்கள் பல கடலுக்கு அப்பாலேயே இருந்ததால், நிதி அட்லாண்டிக்கைத் தாண்டியும் போக வேண்டியிருந்தது. வளைகுடாவிலிருந்து வரும் பணத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அந்த வீடுகளின் நிலையை விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தே இராத பிள்ளைகளும் அந்த ஆயிரத்தில் அடக்கம்.

ஏழு மாதம் கழித்து, பத்து கிலோமீட்டர் தள்ளி, கிரேஸ் கிளேட்டன் தன் போதகரிடம் ஒரு தந்தையர் ஆராதனை கேட்டார். சுரங்கத்தில் தந்தையை இழந்த குழந்தைகளின் தனிமையே தன்னை யோசிக்கவைத்தது என்று பிற்காலத்தில் அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. நாளை மட்டும் தன் அப்பாவின் பிறந்தநாளை ஒட்டித் தேர்ந்தார். சிலர் இதில் முரண் காண்கிறார்கள், சுரங்கத்துக்காகவா, சொந்த அப்பாவுக்காகவா என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் தன் தகப்பனைப் புதைத்த ஒரு பெண், ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரே காலையில் அது நேர்ந்ததைப் பக்கத்து ஊரில் இருந்து பார்க்கிறாள். அவளுக்குத் தெரிந்த அப்பாவின் வழியாகத்தான் தெரியாத அப்பாக்களை அவளால் எட்ட முடியும். சொனோராவும் அப்படித்தான், மீக்கும் ஓரளவுக்கு அப்படித்தான். தந்தையர் அனைவருக்குமான நாள் எதுவும் ஆவணங்களில் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் தனித்தனி மனிதர்களின் பிறந்தநாள்கள்.

மொனோங்காவின் கதையை விட்டுவிடாமல் பிடித்துவைத்தவர் எவரெட் ஃபிரான்சிஸ் பிரிக்ஸ் என்ற கத்தோலிக்கக் குரு. ஒரு காலத்தில் ஜப்பானில் மறைப்பணியாளராக இருந்தவர். 1950களில் மொனோங்காவுக்கு வந்து, சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதையான பார்பராவின் பெயரில் முதியோர் இல்லம் தொடங்கினார். தந்தையர் தினத்தின் வேர் அந்தச் சுரங்கத்தில் இருக்கிறது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இறந்தவர்களின் மனைவியருக்கு ஒரு சிலை வேண்டும் என்று போராடினார். 98 வயதில், 2006 டிசம்பரில் காலமானார். மறு ஆண்டு, விபத்தின் நூற்றாண்டில், அந்தப் பளிங்குச் சிலை நிறுவப்பட்டது. சிலைக்கு முகம் கொடுத்தது ஒரு தனிப் பெண் அல்ல என்றாலும், அந்த ஊர் இன்றும் பெயர் சொல்லி நினைக்கும் விதவை ஒருவர் உண்டு.

அவர் பெயர் கத்தரீனா தாவியா. நான்கு பிள்ளைகளின் தாய். கணவரின் உடல் கிடைக்கவே இல்லை. அவர் நாள்தோறும் சுரங்கத்துக்குப் போய் ஒரு மூட்டை நிலக்கரி எடுத்து வருவார். அடுப்புக்கு என்றுதான் ஊர் முதலில் நினைத்தது. அவர் அதை எரிக்கவில்லை. வீட்டுப் பக்கத்தில் கொட்டினார். 29 ஆண்டுகள் கொட்டியதில் அது ஒரு குன்றாக வளர்ந்தது. கேட்டவர்களிடம் சொன்ன காரணம் எளியது. உள்ளே கிடக்கும் கணவரின் மேல் அழுத்தும் பாரத்தைக் கொஞ்சம் குறைக்கிறேன் என்றார். எந்த மன்றத்தின் தீர்மானமும் ஆளுநரின் கையெழுத்தும் இல்லாத நினைவஞ்சலி அது. இந்தத் தேடலில் நான் பார்த்த அத்தனை தாள்களுக்கும் மேலாக அந்தக் கரிக்குன்றை வைப்பேன்.

தந்தையர் தினச் சட்டத்தின் வரலாறு சுருக்கமானது, கொஞ்சம் வெட்கப்படவேண்டியதும்கூட. 1913இலேயே நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. வணிகர்களின் சூழ்ச்சி ஆகிவிடும் என்று பயந்தார்கள். பயம் முற்றிலும் பொய்யில்லை, 1930களில் ஆண்கள் துணிக்கடைக்காரர்கள் தந்தையர் தினத்துக்கென ஓர் அமைப்பையே தொடங்கினார்கள். 1924இல் குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் ஆதரவு தெரிவித்தார், அறிவிப்பு வெளியிடவில்லை. தாயை மட்டும் போற்றிவிட்டுத் தந்தையை நாற்பதாண்டாகப் புறக்கணிக்கிறோம் என்று 1957இல் நாடாளுமன்றத்தைச் சாடியவர் மார்கரெட் சேஸ் ஸ்மித் என்ற பெண் செனட்டர். 1966இல் ஜான்சன் அறிவிப்பு வெளியிட்டார், 1972இல் நிக்ஸன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்னையர் தினத்துக்கு ஆறு ஆண்டு பிடித்தது, தந்தையர் தினத்துக்கு ஸ்போக்கேனிலிருந்து எண்ணினால் 62 ஆண்டு. இந்த நெடும் தாமதத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டுக்கொண்டே இருந்தவர்களில் மகள்கள் முன்னால் நிற்கிறார்கள். சொனோரா அப்போது தொண்ணூறு வயதில் இருந்தார், சட்டத்தைக் கண்ணால் பார்த்தார். 1978இல், 96ஆம் வயதில் மறைந்தார்.

இனி யார் முதல் என்ற கேள்விக்கு வருகிறேன். ஆராதனை என்ற அளவில் ஃபேர்மான்டே முதல். 1908 ஜூலை 5ஐ யாரும் மறுக்க முடியாது, அங்கே உள்ள பலகை சரியானது. ஆண்டுதோறும் வரும் நாள் என்ற அளவில் அது சொனோராவினுடையது. ஃபேர்மான்டில் நடந்தது ஸ்போக்கேனுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஆகவே ஒருவர் மற்றவரிடமிருந்து எடுத்தார் என்று எழுதுவது தவறு. நம் பெட்டிச் செய்திகள் இரண்டு பெயர்களையும் சேர்த்தே போடலாம், இடம் ஒன்றும் அதிகம் பிடிக்காது. போடும்போது மொனோங்காவை விட்டுவிடக் கூடாது.

பெயர்களைச் சரிசெய்யும் வேலை வேறெங்கோ நடந்துகொண்டிருப்பதையும் கண்டேன். அமெரிக்கக் கணக்கர்கள் இத்தாலியப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியதால் பலருடைய பெயர் சிதைந்தே பட்டியலில் ஏறியது. அந்த ஆண்களை அனுப்பிவைத்த ஊர்களில், மொலிசேயின் டூரோனியா, ஃப்ரோசோலோனே போன்ற இடங்களில், ஊர்ப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு அவற்றைத் திருத்தியிருக்கிறார்கள். கலாப்ரியாவின் சான் ஜொவான்னி இன் ஃபியோரே 2003இல் தன் ஊர்க்காரர்களுக்கு நினைவுப் பலகை வைத்தது. 2009 மே தினத்தன்று இத்தாலியக் குடியரசுத் தலைவர் நாப்போலித்தானோ இறந்தவர்களுக்கு உழைப்பின் சிறப்புக்கான நாட்டின் விருதை அளித்தார். வில்லை இல்லாமல் இறங்கிய பையன்களின் பெயர்களும் ஏதாவது ஒரு ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் கட்டாயம் இருக்கும். பிறந்ததற்குப் பதிவு இருந்து, மணத்துக்கும் மரணத்துக்கும் பதிவு இல்லாதவர்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தால், 362 என்ற எண்ணை ஒருநாள் திருத்திவிட முடியும்.